வாஜிர் சந்தையில் பிறந்த சமாதானம்

இனமோதலைத் தடுப்பதில் பெரும்பங்கு ஆயுதப் படைக்கா, ஊர்க்காரர்களின் சமாதானக் குழுவுக்கா? படை இல்லாத ஊரில் யார் பேச்சை யார் கேட்பார்கள் என்று கேட்டு அமர்ந்திருக்கிறது எதிரணி. அதற்கு வாஜிர் பதில் சொல்லும்.

கென்யாவின் வடகிழக்கில், ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழும் சோமாலி மக்களின் வறண்ட பூமி வாஜிர். படைக்கு அங்கே என்றுமே பஞ்சமில்லை. விடுதலை கிடைத்த 1963 தொட்டு 1991 வரை அந்தப் பகுதியே நெருக்கடிச் சட்டத்தின் கீழ்தான் கிடந்தது. 1984 பிப்ரவரியில் டெகோடியா குலத்து ஆண்களை வகல்லா விமான ஓடுதளத்தில் அடைத்து வைத்துக் கொன்றவர்கள் யார்? ஊரைக் காக்க வேண்டிய பாதுகாப்புப் படையினர். அரசு முதலில் ஒப்புக்கொண்ட கணக்கு 57. பிழைத்து வந்தவர்கள் சொன்ன கணக்கோ அதைப்போலப் பல மடங்கு.

இத்தனை படை இருந்தும் 1992-இல் என்ன நடந்தது? மழை பொய்த்தது. பக்கத்துச் சோமாலியாவில் அரசு சரிந்து, துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்தன. தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் தொடங்கிய சண்டை குலச்சண்டையானது. வேறு குலத்துப் பெண்ணிடம் பால் வாங்கவும் மறுக்கும் அளவுக்குச் சந்தை பிளந்தது.

அந்தச் சந்தையில்தான் பெண்கள் கைவைத்தார்கள். டெக்கா இப்ராஹிம் அப்தி என்ற ஆசிரியையும் அவருடைய தோழியரும் கல்யாண வீட்டுப் பேச்சில் தொடங்கி, கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எந்தக் குலத்தவளும் விற்கலாம், வாங்கலாம் என்று முடிவு செய்து, தகராறு வந்தால் அங்கேயே தீர்க்க ஆள் நிறுத்தினார்கள். அடுத்து மூத்தோரை அணுகினார்கள். பெரிய குலங்களின் பேச்சுவார்த்தையை நடத்தியவர், எவருக்கும் அச்சம் தராத சிறிய குலம் ஒன்றின் பெரியவர். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! அந்தப் பேச்சின் பயனாக 1993-இல் அல் ஃபத்தா உடன்படிக்கை பிறந்தது.

இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். 1995-இல் இந்த முயற்சிகள் எல்லாம் ஒரே சமாதானக் குழுவாகி, மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தன. எங்காவது கால்நடை களவு போனாலோ, ஒருவர் கொல்லப்பட்டாலோ, பழிவாங்கும் கூட்டம் கிளம்பும் முன்பே பெரியவர்களும் பெண்களும் காவல் அதிகாரியும் சேர்ந்து அங்கே போய் நிற்பார்கள். கவனியுங்கள், காவல் அதிகாரியும்தான்! படையே வேண்டாம் என்று இந்த அணி சொல்லவில்லை. எங்கே போக வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று அந்த அதிகாரிக்குச் சொன்னது குழு. அது இல்லாத நாளில் அதே சீருடை வகல்லாவில் என்ன செய்தது என்பதையும் பார்த்தோம்.

2014-இல் அதே வாஜிரில் மறுபடி ரத்தம் சிந்தவில்லையா என்று எதிரணி கேட்கும். சிந்தியது, மறைக்க ஒன்றுமில்லை. டெகோடியா, கர்ரே குலங்கள் மோதின. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஒருமுறை எழுதிய உடன்படிக்கை தலைமுறைக்கும் காக்காது. குழு ஓயாமல் இயங்க வேண்டும், அதற்கு வண்டியும் காசும் ஆளும் வேண்டும். ஒரு குழு தளர்ந்தது என்பதற்காக அந்த முறையையே தள்ளிவிடுவது என்ன நியாயம்?

கென்யா தள்ளிவிடவில்லை. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, லட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, நாடு மாவட்டந்தோறும் அமைக்கத் தீர்மானித்தது சமாதானக் குழுக்களைத்தான். நடுவர் அவர்களே, நாடெங்கும் படையை நிறுத்தியிருந்த ஒரு அரசு வாஜிர் பெண்களின் வழியை ஏன் நாடியது என்பதற்கு எதிரணி பதில் சொல்லட்டும்.