பள்ளிக்கூடக் கணக்கும் நம்ம கணக்குதான்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில் ரொக்கப் புத்தகம் எழுதுறேன். அந்தப் பழக்கத்தில் பள்ளிக்கூடக் கணக்கைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

ஜூன் மாசம் வந்தா எங்க குழுவில் உள்கடன் கேக்குறவங்க பெரும்பாலும் பிள்ளைங்க ஃபீஸுக்குத்தான் கேக்குறாங்க. வேன் வருது, பிள்ளைங்க ஏறிப் போகுது. எந்தத் தாயையும் நான் குறை சொல்லல. வேன் போன பிறகு ஊர்ப் பள்ளிக்கூடம் என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க.

அரசுப் பள்ளிக்கு வருஷ மானியம் பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுத்தான். விதிப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய். அதுக்கு மேல 100 பேர் வரை 25,000 ரூபாய். எங்க ஊர்த் தொடக்கப் பள்ளியில் 33 பேர். இன்னும் மூணு பேர் போனா 15,000 ரூபாய் போச்சு. மூணு பிள்ளை குறைஞ்சதுக்காகக் கூரை ஒழுகுறது குறையுமா? சாக்பீஸ், ரிப்பேர், கக்கூஸ் சுத்தம் எல்லாம் அந்தப் பத்தாயிரத்துக்குள்ள பாக்கணும். அங்கே மிஞ்சுறது கடன்கூட வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைங்க.

ஆசிரியர் கணக்கும் அப்படித்தான். சட்டப்படி 60 பிள்ளைங்க வரை ரெண்டு ஆசிரியர். வகுப்போ அஞ்சு. ஒரு டீச்சர் ரெண்டு மூணு வகுப்பைச் சேர்த்து உக்கார வச்சுத்தான் நடத்தணும். 2022 ஏசர் கணக்கெடுப்பில் நம்ம மாநிலத்தில் அஞ்சாவது படிக்கிறவங்கள்ல நாலில் ஒரு பிள்ளைதான் ரெண்டாவது பாடத்தைத் தடையில்லாம வாசிச்சுது. தனியார் பள்ளிப் பிள்ளைங்களும் அந்தக் கணக்கில் உண்டு. அதனால ஃபீஸ் கட்டிட்டோம்னு நிம்மதியா இருக்க முடியாது.

நாம என்ன செய்யலாம்? கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்துச்சு. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் போகாதீங்க. மானியம் எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சு, ரசீது எங்கேன்னு மரியாதையா கேளுங்க. நம்ம குழுவில் பத்து ரூபாய்க்குக்கூடக் கணக்குக் கேக்குறோமே! ஆசிரியர் பத்தலைன்னா அதைத் தீர்மானமா எழுத வைங்க. கிராம சபையிலும் பேசுங்க. வீட்டில் சாயங்காலம் பிள்ளையை ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நமக்குப் படிப்பு இல்லைன்னாலும் பிள்ளை தடுமாறுறது காதுக்குத் தெரியும்.

2022-ல் தொடங்கின காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்ல சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். பள்ளிக்கூட அடுப்படி வரைக்கும் போயிட்டோம். வகுப்பறை பத்தடி தூரம்தான் இருக்கு.