சீட்டில்லாமல் விற்கும் சிவப்பு

(கங்கைகொண்டானில் கல்லூரி மாணவர்களும் சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



சாதி ஒழிப்புக் கூட்டத்தில் முகத்துக்குப் போடும் கிரீமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில், அப்படி ஒரு டியூப் இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். யாரையும் கைதூக்கச் சொல்ல மாட்டேன்.

நான் மருந்தாளுநர். 11 ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கிறேன். காய்ச்சல் மாத்திரை வாங்க வருபவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். இந்த கிரீம் வாங்க வருபவர்கள் கடையில் ஆள் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். பிறகு செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இது இருக்கா?" என்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்கான நேர்காணல் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு முகத்தில் மங்கு விழுந்தவர்கள் உண்டு. பையன்களும் கேட்கிறார்கள். "தங்கச்சிக்கு" என்று சொல்லித்தான் கேட்பார்கள்.

இவர்களைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பழமொழியைப் படித்துவிட்டு வருவதில்லை. "பொண்ணு நிறம் கம்மி, ரெண்டு பவுன் கூடப் போட்டுருங்க" என்று பேசும் இடத்தில், 100 ரூபாய் டியூப்தான் அந்தப் பெண்ணுக்கு மலிவான வழியாகத் தெரிகிறது. அவள் முட்டாள் இல்லை, கணக்குப் போடத் தெரிந்தவள். அந்தக் கணக்கை அவள் தலையில் எழுதியவர்களோடுதான் நமக்குச் சண்டை.

நம் பேச்சையே கவனியுங்கள். "புள்ள நல்லா கலரா இருக்கா" என்கிறோம். கலர் என்றாலே ஒரே கலர்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிறோம். அந்த "இருந்தாலும்" என்ற ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல்தான் ஒரு பெண் ஆயுள் முழுக்க முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு வாக்கியம் இருக்கிறது. விடுதியிலும் வேலையிடத்திலும் நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள்: "உன்னப் பாத்தா அப்படித் தெரியலையே!" பாராட்டு மாதிரிதான் சொல்வார்கள். "எப்படித் தெரியலை?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஏனென்றால் அந்த "அப்படி"க்குள் இருப்பது சாதிப் பெயர்.

தோலைப் பார்த்துச் சாதியைச் சொல்ல முடியுமா? முடியாது. அம்பேத்கர் லாகூரில் பேசுவதற்காக எழுதி, கூட்டம் ரத்தானதால் 1936இல் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத் தெளிவாக்கினார். பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாபின் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான், சென்னைப் பார்ப்பனரும் பறையரும் அப்படியே, சாதி என்பது இனப் பிரிவினை அல்ல என்பது அவர் வாதம். நம் தெருவிலேயே பாருங்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த அக்கா மாநிறமாக இருப்பாள், தங்கை கறுப்பாக இருப்பாள். தோலில் சாதி எழுதப்படவில்லை. ஆனால் வெயிலைப் பங்கிட்டது சாதி. நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை, தெருக்கூட்டல் என்று யார் வெயிலில் நிற்க வேண்டும், யார் நிழலில் உட்கார்ந்து கூலி அளக்க வேண்டும் என்று முடிவு செய்தது சாதி. பிறகு வெயில் பட்ட தோலையே காட்டி "பார், இழிவு" என்றது.

கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் சாதி பிரித்துக்கொள்ளும் மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றிவிடலாம். தோலைக் கழற்ற முடியாது. அந்த இடத்தில்தான் கம்பெனிக்காரன் கடை போடுகிறான்.

இந்துஸ்தான் லீவர் 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. மகன் இல்லையே என்று அப்பா ஏங்குவார், கறுப்பான மகள் கிரீம் போட்டு வெளுத்து விமானப் பணிப்பெண்ணாவாள். இப்படி ஒரு விளம்பரம் ஓடியது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போய்ப் போராடிய பிறகு, 2003இல் அது நின்றது. 2005இல் ஆண்களுக்கென்று இமாமி 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கொண்டுவந்தது. நிறத்தைக் காட்டி இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் தர அமைப்பு 2014இல் விதி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு, கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெங்கும் பரவியபோதுதான் 'ஃபேர்' என்ற சொல் 'குளோ' ஆனது. பெயர் மாறியது. அலமாரியில் இடம் மாறவில்லை.

ஆனாலும் விளம்பரம் கொடுத்து, முகவரி போட்டு விற்கும் கிரீமைவிட, விளம்பரமே இல்லாமல் விற்பதுதான் எனக்கு அதிகப் பயம். அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை ஸ்டீராய்டு. கரப்பானுக்குத் தோல் மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக்கொடுக்கும் மருந்து இது. முகத்தில் பூசினால் ஒரு வாரத்தில் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாங்குவாள். மாதங்கள் போனால் தோல் காகிதம்போல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், பரு கொட்டும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். முகப் பிரச்சினையோடு தோல் மருத்துவர்களிடம் வந்த 2,926 பேரை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 10இல் 9 பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது. 2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது வகை ஹைட்ரோகுவினோன். இதுவும் சீட்டு மருந்துதான். மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் குறிப்பிட்ட காலம் மட்டும் போட வேண்டியது. ஆண்டுக்கணக்கில் போட்டால் நீலமும் கறுப்புமாகத் தோல் நிரந்தரமாகக் கறுத்துப்போகலாம். வெளுக்கப் போட்டது கறுக்க வைக்கும். பல டியூப்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் மூன்றும் கலந்திருக்கும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இது தூரத்துக் கதை இல்லை. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைச் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிதான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது. அழகு கிரீமில் பாதரசம் சேர்ப்பதை இந்திய விதிகள் தடை செய்கின்றன. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தடையை மீறி வருவது பெரும்பாலும் முகவரி இல்லாத டப்பாவில்தான். பூசியவரோடு நிற்காமல், தலையணை உறை, துண்டு வழியாக மடியில் தூங்கும் குழந்தைக்கும் அது போகும்.

சரி, என்னதான் வாங்குவது, எப்படித்தான் போடுவது என்று கேட்பீர்கள். கடையில் என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த நிறம்தான் உங்கள் பிறவி நிறம். பாதுகாப்பான எந்தப் பொருளும் அதைத் தாண்டி வெளுக்க வைக்காது. தாண்டி வெளுத்தால் டியூபில் மருந்தோ விஷமோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். "7 நாளில் சிவப்பு" என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சோப்பு அரை நிமிடம் முகத்தில் இருந்துவிட்டுக் கழுவப்படுவது. அது அழுக்கை எடுக்கும், நிறத்தை எடுக்காது. பப்பாளி சோப்போ குங்குமப்பூ சோப்போ, விலைதான் வேறு. நார் வைத்துத் தேய்த்தாலும், எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் போனாலும் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும்.

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மெர்க்குரி, கலோமெல் என்று எங்காவது இருந்தால் தொடாதீர்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவை ஸ்டீராய்டுகள். அழகு நிலையத்தில் பெயர் ஒட்டாத டப்பாவில் கலந்து தருவதை வாங்காதீர்கள். சிவப்பாக்கும் ஊசி என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

புதிதாக எதைப் போட்டாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் போட்டுப் பாருங்கள். முகத்துக்கு உண்மையில் உதவுவது வெயில் தடுப்பு கிரீம், எஸ்.பி.எஃப். 30 போதும். காசு இல்லையென்றால் குடை, துணி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வயலில் இறங்கும் நம் அம்மாக்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசுகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் எரிச்சலோடு கிடக்க வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். பாதரசச் சந்தேகம் என்றால் அன்றே நிறுத்துங்கள். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், போட்ட கிரீமைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. சர்க்கரை நோய் வரப்போவதற்கு உடம்பு தரும் அறிகுறியாக இருக்கலாம், தேய்க்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதேபோல, முகம் வெளுத்திருப்பதெல்லாம் அழகும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. கிரீமுக்கு மாதம் 200 ரூபாய் செலவழிக்கும் வீட்டில் அந்தப் பெண்ணின் தட்டில் முட்டை இருக்கிறதா என்று கேட்பதும் அரசியல்தான்.

இயக்கத்துக்கு என்ன வேலை? கேரளம் செய்த சோதனையைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் செய்ய வேண்டும் என்று மனு கொடுப்போம். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுப்போம். தோலை வெளுப்பாக்கும் விளம்பரங்களுக்குச் சிறைத் தண்டனை தரும் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. அதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேட்போம்.

இவற்றுக்கு நாளாகும். வீட்டில் செய்வதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. இங்கே திருமணமாகாத தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மேடையில் கறுப்புச் சட்டையும் நீலத் துண்டும் போடுகிறோம். உங்களுக்குப் பெண் பார்க்கும்போது அம்மாவோ அத்தையோ "புள்ள கலர் எப்படி?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். நிறத்துக்காக ஒரு பவுன் கூடக் கேட்டால், அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். பெண் தோழர்களே, நீங்கள் கிரீம் போடுவதும் போடாததும் உங்கள் உரிமை. அதைப் போட்டுச் சிறுநீரகத்தை இழக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை.

கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கம் இருப்பேன். டியூபோ டப்பாவோ படமோ எதுவானாலும் கொண்டுவந்து காட்டுங்கள். என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன். ஏன் போடுகிறாய் என்று கேட்க மாட்டேன்.