கடலுக்குள் ஓடும் அலை



ஹேர்னிங்கிலிருந்து கொப்பன்ஹேகன் போகும்போது ஸ்டோரபெல்ட் பாலத்தைக் கடக்கிறோம். அதன் கீழே நீர் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீர். அடியில் வடகடலின் உப்பு நீர். இப்படியான அடுக்குகளின் எல்லையிலும் அலைகள் எழுகின்றன. மேலிருந்து பார்த்தால் அவை அவ்வளவாகத் தெரியாது. அந்தமான் பக்கத்தில் எழும் இத்தகைய உள்ளலைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து எங்கள் திருகோணமலை வரை வருகின்றன.

ஆழம் குறைந்த கடலில் ஒலி மேற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டுப்பட்டுப் பல பாதைகளில் செல்கிறது. உள்ளலை குறுக்கிட்டால் ஒலி பாதை மாறுகிறது. செலவு குறைந்த கணக்கிலிருந்த பணத்தைச் செலவு கூடிய கணக்குக்கு மாற்றுவது போலத்தான் இது. பாதை மாறிய ஒலியை அடித்தரை உறிஞ்சிவிடுகிறது.

மஞ்சள் கடலில் கோடைகாலத்தில் குறிப்பிட்ட சில அதிர்வெண் ஒலிகள் மட்டும் பெரிதும் தேய்ந்துபோயின. உள்ளலைகளே இதற்குக் காரணமாகலாம் என்று 1991இல் ஜோ, ஜாங், ரோஜர்ஸ் ஆகியோர் விளக்கினர். 1995இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரைக்கு அப்பால் இதற்கெனப் பெரிய பரிசோதனையே நடந்தது.

நீர்மூழ்கிகளை ஒலியைக் கொண்டே தேடுகிறார்கள். ஆகவே சத்தம் கேட்கவில்லை என்பதற்காக அங்கே ஒன்றுமில்லை என்று கணக்கை மூடிவிட முடியாது.