இதயத்துக்கு ஒரு துணை



நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கிறது. துடிக்க வைப்பது, இதயத்திலேயே உண்டாகும் சிறு மின்சாரம். அது தடைபட்டால் மயக்கம் வரும். உயிரும் போகலாம்.

ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவர் இருந்தார். ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுவார். அவர் மனைவி டாக்டரையும் இன்ஜினீயரையும் விடாமல் கேட்டார். அந்த அம்மாள் சும்மா இருந்திருந்தால்?

1958-ல் பேஸ்மேக்கர் என்ற கருவி செய்தார்கள். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்தது! அதை லார்சனின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். சில மணி நேரமே ஓடியது. உடனே வேறொன்று வைத்தார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள். லார்சன் 86 வயது வரை வாழ்ந்தார்.

அந்தக் கருவியிலிருந்து இதயத்துக்கு ஒயர் போகும். ஒயர் பழுதானால் தொல்லை. இப்போது ஒயரே இல்லாத பேஸ்மேக்கரும் உண்டு. எடை 2 கிராம்தான். தொடை இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். நெஞ்சைக் கீற வேண்டாம்.

2025-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அரிசியை விடச் சிறிய கருவியைக் காட்டினார்கள். இதய ஆபரேஷன் ஆன குழந்தைக்குச் சில நாள் துணை போதும். பிறகு கருவி உடலிலேயே கரைந்துவிடும். விலங்குகளிடம் சோதித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வர நாளாகும்.