குரல் தேர்வும் குழந்தை நடிகரும்



பள்ளி ஆண்டு விழாவிற்கோ ஊர்த் திருவிழாவிற்கோ இசை நாடகம் ஒன்றை அரங்கேற்ற முனைவோர்க்கு முதலில் எழும் வினா, யாருக்கு எந்த வேடம் என்பதே. கூத்து பார்த்து விடியவிடிய விழித்திருந்த வாழப்பாடி வட்டாரத்தார்க்கு இவ்வினா புதிதன்று. ஆயினும், ஒரு குழந்தையை நிறுத்திப் பாடச் சொல்லி, 'வேண்டும்', 'வேண்டா' என்று தீர்ப்புரைக்கும் அச்சில நிமிடங்களின் பொறுப்பு பெரிது. தமிழ் நாடக வரலாறு அதற்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் செழித்திருந்தன. ஒலிபெருக்கி வராத காலம் அது. கொட்டகையின் கடைசியில் இருப்பவர் செவிக்கும் பாட்டு எட்ட வேண்டும். ஆகவே ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதியில் நின்று பாடவல்ல சிறுவனுக்கே முதலிடம். தோற்றமும் மனப்பாடத் திறனும் அதற்கு அடுத்தவை. தேறிய சிறுவனுக்கு ஊணும் உடையும் பாடமும் கம்பெனியிலேயே கிடைத்தன. வறிய வீட்டுப் பெற்றோர்க்கு இத்தேர்வு கலையைப் பற்றியது மட்டுமன்று. சோற்றைப் பற்றியதும் ஆகும். எம்.ஜி.ஆரும் அவர் தமையனார் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தமைக்கு வறுமையே காரணம்.

இத்துறையின் பேராசான் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). எமன், சனீஸ்வரன், இரணியன் முதலிய அச்சந்தரும் வேடங்களில் தோன்றிய அவர், பின்னர் ஒப்பனையைத் துறந்து ஆசிரியரானார். 1918இல் மதுரையில் அவர் தலைமையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பெண் வேட நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்கள் அதிற் சேர்ந்தனர். அவர்களுள் சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

அச்சிறுவனின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் போற்றும் செய்தி. கவிஞர்கள் கருதத்தக்க இடம் இதுவே. வேடத்திற்கேற்ற பிள்ளையைத் தேடுவது ஒரு முறை. பிள்ளைக்கேற்ற வேடத்தைப் படைப்பது மற்றொரு முறை. முன்னதற்குக் கூரிய செவி போதும். பின்னதற்கு அன்பும் புலமையும் வேண்டும். அச்சிறுவனே வளர்ந்து, ஔவையார் வேடத்தின் சிறப்பால் 'ஔவை சண்முகம்' எனப் பெயர் பெற்றார்.

இனி, இத்தேர்வின் மறுபுறத்தையும் காண வேண்டும். உயர்ந்த குரலுக்காக எடுக்கப்பட்ட சிறுவனுக்குப் பதின்ம வயதில் மகரக்கட்டு நேர்கிறது. குரல் உடைகிறது. நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று சுருதி சேராமல் நிற்கிறான். அவனிடம் குற்றம் ஏதுமில்லை, வளர்ந்தான், அவ்வளவே. பி.யு.சின்னப்பாவும் அந்நிலையை எய்தியவரே. கம்பெனியை விட்டு நீங்கிய அவர், சங்கீதத்தையும் தேகப்பயிற்சியையும் முயன்று கற்றார். 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடத்தில் தோன்றிப் பெரும்புகழ் அடைந்தார். அவர் மீண்டார், மீளாதவர் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

ஆகவே, இன்று சிறுவர் இசை நாடகத்திற்குத் தேர்வு நடத்துவோர் இரண்டு வினாக்களை நெஞ்சிற் கொள்ளல் நலம். 'இப்பிள்ளையால் இவ்வேடத்தைத் தாங்க இயலுமா?' என்பது ஒன்று. 'இப்பிள்ளைக்கு இந்நாடகத்தில் என்ன இடம் அளிக்கலாம்?' என்பது மற்றொன்று. முதல் வினாவோடு நின்றுவிட்டால், பத்துப் பேர் மேடையேற நாற்பது பேர் தலைகுனிந்து வீடு திரும்புவர். இரண்டாம் வினாவையும் கேட்டால், பின்பாட்டிற்கு ஒருவன் கிடைப்பான். தாளத்திற்கு ஒருத்தி கிடைப்பாள். பேசவே கூசும் பிள்ளை திரை இழுக்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிடும்.

இதிற் கவிஞர்க்கும் கடமை உண்டு. எழுதிய பாட்டிற்குக் குரல் எட்டவில்லையெனில் குரலையே குறை கூறுதல் எளிது. பாட்டின் சுருதியைச் சற்று இறக்கி, சொல்லைச் சற்று இளக்கி, அக்குழந்தையின் மூச்சுக்கு அளவாக அடியை அமைத்துத் தருதல் அரிது. ஓரிரவு முழுதும் விழித்து ஒரு சிறுவனுக்காக எழுதிய சுவாமிகளின் வழி அதுவே. அவ்வழியில் நடக்கும் கவிஞர் இருக்கும் ஊரில், பாட வந்த பிள்ளை எதுவும் வெறுங்கையோடு திரும்பாது.