ஒரு சிறுநீரகம் போதுமா?

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார் ஒருவர். "பித்தப்பை நன்றாக இருக்கிறது. சிறுநீரகத்தில்தான் ஒரு கட்டி தெரிகிறது" என்கிறார் டாக்டர். சிறுநீரகப் புற்றுநோய் இப்போதெல்லாம் பெரும்பாலும் இப்படித் தற்செயலாகத்தான் பிடிபடுகிறது. ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், முடிந்தவரை அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள். மிகவும் வயதானவர் என்றால் கத்தியே வைக்காமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிப்பதும் உண்டு. பெரிய கட்டியா? முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டிவரலாம். பயம் வேண்டாம். மிச்சமிருப்பது நன்றாக வேலை செய்தால் அது ஒன்றே போதும். இதை நிரூபித்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த அறுவை மருத்துவர் குஸ்டாவ் சைமன். முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்தார். பிறகு 1869-ல் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். (அது புற்றுநோய்க்காகச் செய்ததல்ல.)

வழக்கமான கீமோதெரபி இந்த நோயிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. நோய் பரவிவிட்டால், கட்டிக்கு ரத்தக்குழாய்கள் வளராமல் தடுக்கும் மாத்திரைகளும், நோய் எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் ஊசி மருந்துகளும் இன்று இருக்கின்றன.

சிறுநீரில் ரத்தம் வந்தால், அது இந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; "வலிக்கவில்லையே, மறுநாளே நின்றுவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றைக்கே போங்கள்.