டாக்காவில் பிறந்த கட்சி



தேசம், மதம், கட்சி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இவற்றைச் சித்தாந்தமாக விசாரிப்பதைக் காட்டிலும், மூன்றும் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்ட ஒரு பூமியின் சரித்திரத்தைச் சொல்வதே உத்தமம் என்று கருதி, இன்று வங்காளதேசம் எனப்படும் கிழக்கு வங்காளத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அகில இந்திய முஸ்லிம் லீக் 1906-இல் பிறந்த இடம் லாகூரும் அன்று, கராச்சியும் அன்று, டாக்கா நகரம். 1940-இல் லாகூர் மகாநாட்டில், பின்னாளில் பாகிஸ்தான் தீர்மானம் என்று பெயர்பெற்ற தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் வங்காளத்தின் பிரதம மந்திரியாயிருந்த பஸ்லுல் ஹக். 1946 தேர்தலில் வங்காளத்து முஸ்லிம் தொகுதிகளை ஏறக்குறைய முழுவதுமே லீக்குக்கு வாரி வழங்கியவர்கள் அந்த மாகாணத்து மக்கள். அவர்களுடைய மதப்பற்றையோ தேசப்பற்றையோ சந்தேகிக்க எவருக்கும் முகாந்திரம் இல்லை. ஆயினும் பாகிஸ்தானின் ஆட்சியாளர்கள் சந்தேகித்தார்கள்.

1947 ஆகஸ்டு 11 அன்று பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில், கோயிலுக்கோ மசூதிக்கோ செல்லப் பிரஜைகளுக்குப் பூரண சுதந்திரம் உண்டென்றும், ஒருவனுடைய மதம் ராஜ்ய காரியத்தோடு சம்பந்தமற்றதென்றும் உரைத்த பாகிஸ்தானின் ஸ்தாபகர் ஜின்னா அவர்களே, மறு ஆண்டு மார்ச்சில் டாக்காவுக்கு வந்து, உருது ஒன்றே ராஜ்யபாஷை, வேறு விதமாகச் சொல்லி உங்களைத் திசைதிருப்புவோர் பாகிஸ்தானின் சத்துருக்கள் என்ற கருத்துப்பட முழங்கினார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், பிரிவினைக்குப் பின்னும் கோமில்லாவை விட்டு அகலாத ஹிந்துவான தீரேந்திரநாத் தத்தர், அதே சபையில் வங்காளி மொழியும் வழங்கவேண்டும் என்று கேட்டிருந்தார். ராஜ்யத்தில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழிக்காகச் செய்த அவ்விண்ணப்பம், முஸ்லிம் தேசத்தின் ஒற்றுமையைக் குலைக்கும் சூழ்ச்சி என்று தள்ளப்பட்டது. 1952 பிப்ரவரி 21 அன்று அதே கோரிக்கையோடு வீதிக்கு வந்த டாக்கா மாணவர்கள்மேல் போலீசார் சுட்டனர். மாண்டவர்களோ முஸ்லிம் வாலிபர்கள்.

லீக்கை எதிர்ப்பவன் பாகிஸ்தானை எதிர்ப்பவன், பாகிஸ்தானை எதிர்ப்பவன் இஸ்லாத்தையே எதிர்ப்பவன் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் இந்தத் தர்க்கத்திலே, சணலுக்கு விலையில்லை, உப்புக்குத் தட்டுப்பாடு, இந்த மந்திரிசபை எங்களுக்கு வேண்டாம் என்று முறையிடும் சாமானியக் குடியானவன் நிற்க எங்கே இடம்? 1954 மாகாணத் தேர்தலில் அவனே பதில் சொன்னான். 237 முஸ்லிம் தொகுதிகளில் லீக்கை எதிர்த்து ஒன்றுசேர்ந்த கட்சிகளின் ஐக்கிய முன்னணி 223-ஐக் கைப்பற்ற, தான் பிறந்த மண்ணிலே லீக் பெற்றவை பத்தைத் தாண்டவில்லை. முதல் மந்திரி நூருல் அமீன் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அந்த ஜனங்கள் ஒரு வேளைத் தொழுகையையும் கைவிடவில்லை. ஒரு கட்சியைத்தான் கைவிட்டார்கள்.

புதிய மந்திரிசபைக்குத் தலைமை ஏற்ற பஸ்லுல் ஹக்கை, இரண்டு மாதம் நிறைவதற்குள் கராச்சியிலிருந்த மத்திய சர்க்கார் பதவி நீக்கிற்று. பாகிஸ்தான் பிரதமர் வானொலியிலே அவரைத் துரோகி என்றார். பாகிஸ்தான் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே பாகிஸ்தானின் துரோகி! வேடிக்கை இதோடு முடியவில்லை: அடுத்த ஆண்டிலேயே அதே மனிதர் மத்திய சர்க்காரின் உள்துறை மந்திரியாக அமர்ந்தார். கூட்டணிக் கணக்கு மாறியதும் துரோகமும் கரைந்துவிட்டது.

1956 அரசியல் சட்டம் வங்காளியையும் ராஜ்யபாஷையாக ஏற்றது. ஆனால் சந்தேகம் என்னவோ ஓயவில்லை. 1970 தேர்தலில் கிழக்கின் 162 தொகுதிகளில் 160-ஐ வென்று, தேசிய சட்டசபையில் தனிப் பெரும்பான்மை பெற்ற கிழக்கு வங்காளக் கட்சியான அவாமி லீக்கைப் பதவியில் அமர்த்துவதற்குப் பதிலாக, 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்காவுக்குள் ஏவப்பட்டது. எண்பதைக் கடந்த முதியவரான தத்தரையும் அந்த மாத இறுதியில் சிப்பாய்கள் வீட்டிலிருந்து கொண்டுசென்று கொன்றார்கள். டிசம்பர் 16-இல் பாகிஸ்தான் இரண்டாயிற்று. மதம் ஒற்றுமையைக் காக்கவில்லை என்று இதற்கு வியாக்கியானம் செய்வோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. ஓட்டளித்து மந்திரிசபையை மாற்றும் வழி அடைபட்டபோதுதான், அந்த ஜனங்கள் ராஜ்யத்தையே மாற்றிக்கொள்ளத் துணிந்தார்கள்.

தங்கள் கட்சிக்கு வோட்டளிக்காதவன் தேசத் துரோகி, தெய்வ நிந்தகன் என்று சொல்லிக்கொண்டு எவரேனும் நாளை உங்கள் வாசலுக்கு வருவாரானால், அவர் நீங்கள் சார்ந்த கட்சியினரே ஆயினும், அரிசி விலையைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசும்படி கேளுங்கள்.